பஸ்ஸுக்குள் இருக்கும் காற்று

டில்லியில் ஓடுகிற பஸ்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவை டீசலைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறிய வரலாற்றை ஒரு மகத்தான வெற்றியாக எடுத்துச் சொல்வது வழக்கம். அது வெற்றிதான் என்பதில் எனக்கும் அணுவளவு சந்தேகம் இல்லை. ஆனால் வெளியே கரும்புகை கக்காத அந்த வண்டிக்குள் ஏறி, காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் அதற்குச் சற்று மேலுமாக, நின்றோ உட்கார்ந்தோ பிரயாணம் செய்கிறவர்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்ற கேள்வி, எழவேண்டிய அளவுக்கு எழவே இல்லை என்பது என் அபிப்பிராயம். பல வருஷங்களாக மயூர் விஹாரிலிருந்து யமுனையைக் கடந்து, ரிங் ரோடு வழியாக வேலைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை இங்கே நிதானமாக எடுத்துவைத்துப் பார்க்க விரும்புகிறேன். விஷயம் கொஞ்சம் நீளமானது, பொறுமையோடு படிக்கவேண்டும்.

முதலில் பழைய கதை. அண்மையில் டில்லிக்குக் குடிவந்தவர்களுக்கு, தொண்ணூறுகளில் இந்த ஊர்ச் சாலைகள் எப்படி இருந்தன என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. முன்னே போகிற பஸ் கியரை மாற்றும்போதெல்லாம் பின்னே வருகிற ஸ்கூட்டர்க்காரர் கரும்புகைக்குள் மறைந்துபோவதும், ஐ.டி.ஓ. சந்திப்பில் நின்ற போலீஸ்காரரின் வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் நிறம் மாறிவிடுவதும் அன்றாடக் காட்சிகளாக இருந்த காலம் அது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அனில் அகர்வால் நிறுவிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 1996-ல், வாகனப் புகையால் நகரத்து ஜனங்கள் மெல்ல மெல்லக் கொல்லப்படுகிறார்கள் என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு நூலை வெளியிட்டு, அதுவரை நீதிமன்றக் காகிதங்களுக்குள் அடங்கிக் கிடந்த விவகாரத்தை வீட்டுக் கூடத்துப் பேச்சாக்கியது. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில், சுற்றுச்சூழல் மாசைத் தடுப்பதற்கென்று ஓர் ஆணையம் அமைந்தது. அந்த வருஷம் ஜூலை 28-ஆம் தேதி, நகரத்துப் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறியே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணையிடுவது ஒன்று, நடப்பது வேறு. கெடு முடிந்த 2001 ஏப்ரலில் ஓடத் தகுதியான பஸ்கள் போதாமல் ஊர் ஸ்தம்பித்ததையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அலுவலக ஊழியர்களும் நிறுத்தங்களில் கூட்டங்கூட்டமாகக் காத்துக் கிடந்ததையும், எரிவாயு நிரப்ப வாகனங்கள் மைல் கணக்கில் வரிசை பிடித்து இரவெல்லாம் நின்றதையும் நேரில் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. எரிபொருள் எது என்று அரசோ நீதிமன்றமோ கட்டளையிடக்கூடாது, வெளிவரும் புகைக்கு வரம்பை மட்டும் விதித்துவிட்டு வழியை வண்டிக்காரர்களிடம் விட்டுவிட வேண்டும் என்று அரசு நியமித்த மஷேல்கர் குழு யோசனை சொன்னது. கந்தகம் குறைந்த டீசலே போதும் என்றவர்களும் இருந்தார்கள். எரிவாயு இயந்திரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அதிநுண் துகள்கள் வருமே என்று எச்சரித்தவர்களும் இருந்தார்கள். கடைசி வாதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்குத் திரும்பி வருவேன். 2002 ஏப்ரல் 5-ஆம் தேதி நீதிமன்றம், காலதாமதம் செய்த டீசல் பஸ்களுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரம் ரூபாயாக உயரும் அபராதத்தை விதித்து, தன் தீர்மானத்தில் உறுதியாக நின்றது. அந்த வருஷம் முடிவதற்குள் நகரத்துப் பஸ் போக்குவரத்திலிருந்து டீசல் விடைபெற்றது. இவ்வளவுக்கும் ஆரம்பத்திலிருந்தே பாடுபட்ட அனில் அகர்வால், புற்றுநோயோடு நீண்ட காலம் போராடி, அந்த வருஷம் ஜனவரி 2-ஆம் தேதியே காலமாகிவிட்டார். ஏப்ரல் மாதத்துத் தீர்ப்பை அவர் கேட்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனத்துப் போகிறது.

மாற்றத்தினால் விளைந்த அனுகூலம் உண்மையானது. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கரி அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். கரியும் கரியும் கைகோத்து நிற்கும் பிணைப்பு அதில் கிடையாது; டீசலிலோ கரிச் சங்கிலிகள் நீளமானவை, அவை அரைகுறையாக எரியும்போது சங்கிலிகளின் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்துதான் புகைக்கரி உருவாகிறது. ஆகவே எரிவாயு பஸ்ஸின் வாலிலிருந்து கரும்புகை வராததற்குக் காரணம் வேதியியலே. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிச்சயம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தபோது, டில்லி பஸ்கள் டீசலை விட்டுப் பத்து வருஷங்கள் ஆகியிருந்தன. இதை நினைத்து இந்த ஊர் பெருமைப்படுவது முறையே.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். வண்டி என்ன விடுகிறது என்பதும், வண்டிக்குள் இருப்பவர் என்ன சுவாசிக்கிறார் என்பதும் இரண்டு வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குச் சட்டம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை சோதனை இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு இவற்றில் எதுவும் இல்லை. வாசலை நன்றாகப் பெருக்கி நீர் தெளித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தவரின் வீட்டுக்குள்ளும் தெருப்புழுதி வந்து படியத்தானே செய்யும்? பஸ்ஸின் நிலைமையும் அதுவே. அதன் வாசலோ நிமிஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற வாசல்.

நண்பர் ஒருவர் இரவல் தந்த ஒரு துகள்மானியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சில காலம் பிரயாணம் செய்தேன். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது, லேசர் ஒளிக்கற்றை அதன் குறுக்கே பாய்கிறது, துகள்களில் பட்டுச் சிதறுகிற ஒளியைக் கொண்டு ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் துகள் என்று அது கணக்குச் சொல்கிறது. பி.எம். 2.5 என்று பத்திரிகைகளில் வருகிறதே, அதுதான் கணக்கு: ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு மைக்ரான்; அப்படி இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் குறுக்களவுள்ள துகள்கள். மூக்கின் மயிர்களும் தொண்டையின் சளியும் இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை இவை தாராளமாகப் போய்ச் சேரும். மலிவு விலைக் கருவி என்பதால் அது காட்டுகிற எண்ணைப் பிரமாணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மார்கழிப் பனிமூட்டத்தில் நீர்த்துளிகளையும் துகளென்று எண்ணி மிகைப்படுத்திவிடும். ஆனால் எண் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைப் பார்ப்பதற்கு அதுவே போதும்.

நிஜாமுதீன் பாலத்தின்மேல், யமுனைக்குக் குறுக்கே, பஸ் தடையில்லாமல் ஓடும்போது எண் மெல்லத் தணிகிறது. சராய் காலே கான் நெருங்கியதும் ஏறத் தொடங்குகிறது. ஆஸ்ரம் சந்திப்பில் மேம்பாலத்தை நீட்டி, சுரங்கப்பாதையும் போட்ட பிறகும், ஜனங்களை ஏற்றி இறக்கவேண்டிய பஸ்ஸுக்குக் கீழ்ச்சாலையே கதி. அங்கே, முன்னால் ஒரு லாரியும் பக்கத்தில் சரக்கு டெம்போவுமாக நெரிசலில் நின்றபடி இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் எண் விர்ரென்று மேலே போகிறது. கதவு மூடிப் புறப்பட்டவுடன் அது இறங்கிவிடுகிறதா என்றால் இல்லை. உள்ளே புகுந்த காற்று உள்ளேயே சுழன்றுகொண்டிருக்க, லாஜ்பத் நகர் தாண்டும் வரையில் அந்த உயரத்திலேயே நின்று, பிறகுதான் சாவகாசமாகக் கீழே வருகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தம், அடுத்த சிக்னல்.

கருவியைக் கவனித்த கண்டக்டர் ஒருவர், இது என்ன யந்திரம் என்று கேட்டார். விளக்கினேன். "இதற்கு எதற்கு பாபுஜி யந்திரம்? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஆஸ்ரம் வந்துவிட்டதென்று என் தொண்டை சொல்லிவிடும்" என்றார் அவர். கழுத்தைச் சுற்றிய கம்ச்சாவை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்தார். டிக்கெட் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நொடிக்கொரு தடவை அதை இறக்கவேண்டியிருந்தது. மூக்குக்கு நேராக அந்தத் துணியில் ரூபாய் நாணயத்தின் அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு ஒன்று படிந்திருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட் கட்டின் ஓரங்களும் அதே சாம்பல் நிறம். "இருமல் இருக்கிறதா, பாயி சாஹப்?" என்று கேட்டேன். "குளிர்காலத்தில் யாருக்கு இல்லை?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

பஸ்ஸுக்குள் சேரும் துகள் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தால், அதில் பெரும்பகுதி சாலையிலிருந்து வருவது. பஸ் ஓடுவது நகரத்தின் சராசரிக் காற்றில் அல்ல, வாகனங்களுக்கு நடுவே; முன்னால் போகிற வண்டியின் புகைக்குழாய்க்குச் சில அடி தூரத்தில். கான்பூர் ஐ.ஐ.டி. 2016-ல் டில்லி அரசிடம் கொடுத்த ஆய்வறிக்கை, குளிர்காலத்தில் இந்நகரத்துப் பி.எம். 2.5-இல் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை வாகனங்களின் பொறுப்பு என்றது. மீதி வைக்கோல் எரிப்பும், குப்பை எரிப்பும், தொழிற்சாலையும், சாலைப் புழுதியும், வாயுக்கள் காற்றிலேயே கூடித் துகளாக மாறுவதும். ஆனால் அது ஊருக்குப் பொதுவான கணக்கு. சாலையின் நடுவே நிற்பவருக்கு வாகனத்தின் பங்கு அதைவிட மிக அதிகம். ஊர்க் காற்று அடித்தளம் என்றால், அதன்மேல் சாலையின் புகை கட்டப்பட்ட மாடி.

இதற்கு நேரடியான ஆதாரம் டில்லியிலேயே இருக்கிறது. ஜோஷுவா ஆப்டேயும் அவருடைய சகாக்களும் இந்நகரத்து ஆட்டோரிக்‌ஷாக்களுக்குள் கருவிகளை வைத்து அளந்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்போது டில்லி ஆட்டோக்களும் பஸ்களைப்போலவே சி.என்.ஜி.யில் ஓடின என்பதை மறக்கக்கூடாது. ஆட்டோவுக்குள் பி.எம். 2.5 சராசரியாகக் கன மீட்டருக்கு 190 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. அதே நேரத்தில் நகரத்தின் பொதுக் காற்றில் இருந்ததைப்போல் அது ஒன்றரை மடங்கு. புகைக்கரியோ மூன்றரை மடங்குக்கும் சற்று மேல். துகள்களை எடையால் அளக்காமல் எண்ணிக்கையால் அளந்தபோது, வித்தியாசம் எட்டு மடங்கைத் தாண்டியது. ஒரு நாள் முழுவதற்குமான சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 60 மைக்ரோகிராம் என்பதையும், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 15 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த எண்களின் அர்த்தம் விளங்கும். சுத்தமான எரிபொருளில் ஓடுகிற வண்டியில் ஏறியவர், மற்ற வண்டிகளின் அழுக்கைச் சுவாசித்துக்கொண்டு போகிறார்.

சாலையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வண்டியின் சொந்தப் புகையும் உள்ளே வருகிறது. பெட்டிபோன்ற வடிவமுள்ள பஸ் வேகமாக ஓடும்போது அதன் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து, குழாயிலிருந்து வெளிப்பட்ட புகை கீழேயே தங்காமல் மேலே சுருண்டு எழுந்து, பின்வரிசை ஜன்னல் திறந்திருந்தால் அதன் வழியே நுழைகிறது. எஞ்சின் பின்புறத்தில் இருக்கிற வண்டிகளில், பிஸ்டனைத் தாண்டிக் கசிகிற வாயு எஞ்சின் அறைக்குள் நிரம்பி, மூடியின் இடுக்குகள் வழியே கடைசி இருக்கைகளை அடையவும் இடமுண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பிரதேசத்துப் பள்ளிப் பஸ்களின் புகைக்குழாயில், இயல்பாகக் காற்றில் காணப்படாத ஓர் அடையாள வாயுவைக் கலந்துவிட்டு, பிள்ளைகள் உட்காரும் இடத்தில் அது எவ்வளவு தேறுகிறது என்று அளந்தார்கள். உள்ளே வந்த பங்கு சதவீதக் கணக்கில் மிகச் சொற்பம். ஆனால் ஜூலியன் மார்ஷலும் எடுவார்டோ பெஹ்ரென்ட்ஸும் 2005-ல் அதை வேறு விதமாகக் கணக்கிட்டார்கள்: அந்தப் பஸ் விட்ட புகையில், உள்ளே இருந்த நாற்பது பிள்ளைகள் சுவாசித்தது எவ்வளவு, அந்தப் பள்ளத்தாக்குப் பிரதேசத்தில் வாழ்ந்த ஒன்றரைக் கோடி ஜனங்கள் சுவாசித்தது எவ்வளவு? இரண்டும் ஏறத்தாழ ஒப்பிடத்தக்க அளவாக இருந்தன! இதைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் தொடர்ந்து படிக்க முடியவில்லை. வெளியே போன புகை காற்றோடு கலந்து நீர்த்துப் போகிறது. உள்ளே வந்த சொற்பமோ மூக்கின் அருகிலேயே இருக்கிறது. தூரந்தான் இங்கே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது.

இப்பொழுது, முன்பு தள்ளிவைத்த அந்தப் பழைய வாதத்துக்கு வருகிறேன். எரிவாயு இயந்திரம் புகைக்கரியை மிகக் குறைவாகவே உண்டாக்கினாலும், துகளே உண்டாக்காதது அல்ல. எரியறையின் சுவர்களில் படிகிற மசகெண்ணெய் சிறிது சிறிதாக எரிந்து, அதில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சாம்பலையும் எண்ணெய் ஆவியையும் ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. குளிர்ந்ததும் இது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அதிநுண் துகள்களாகத் திரண்டுவிடுகிறது. எடை பார்த்தால் இவை ஒன்றுமே இல்லை. எண்ணிப் பார்த்தால் கணக்கில் அடங்காதவை. இவற்றில் சில நுரையீரலோடு நில்லாமல் இரத்த ஓட்டத்திலும் கலக்கக்கூடியவை என்பதால், எடையை மட்டும் வைத்து நிம்மதி அடைவது விவேகம் ஆகாது. என் பையிலிருந்த மானி ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்கவே முடியாதது. அந்த அளவில் அதற்கு ஒளிச் சிதறல் எட்டாது. வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் எடையோடு துகள்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பைக் கொண்டுவந்தது நல்ல முன்னேற்றம்; ஆனால் அந்த எண்ணிக்கையும் 23 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களிலிருந்துதான் ஆரம்பமாகிறது, எரிவாயு இயந்திரத்தின் துகள்களில் கணிசமான பகுதி அதற்கும் கீழே கிடக்கிறது. இதையெல்லாம் சொல்வதனால் டீசலே மேல் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எச்சரித்தவர்கள் சொன்ன உண்மைக்கு அப்போது உரிய பதில், எரிவாயுவை நிராகரிப்பது அல்ல. மசகெண்ணெய்யையும் பிஸ்டன் வளையங்களின் தேய்மானத்தையும் கவனிப்பதும், வெளிப்படுவதை அளப்பதுமே. இன்றும் அதுவே பதில். தேய்ந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும் என்பது எந்தப் பணிமனை மெக்கானிக்குக்கும் தெரியும். அந்த எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வியைத்தான் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

பயோடீசல் விஷயமும் ஏறக்குறைய இதே போக்கில்தான். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் தொகுத்த கணக்கின்படி, சோயா எண்ணெய் போன்றவற்றிலிருந்து வடித்தெடுத்த பயோடீசலை இருபது சதவீதம் கலந்தால், குழாயிலிருந்து வரும் துகள் சுமார் பத்து சதவீதம் குறையும். ஓஹையோ மாநிலத்து டொலிடோ பல்கலைக்கழகத்தினர் அந்தக் கலவையில் ஓடிய நகரப் பஸ்களுக்குள்ளேயே கருவிகளை வைத்து, கதவு திறப்பையும், பிரயாணிகளின் எண்ணிக்கையையும், முன்னால் போன வாகனங்களையும், பருவத்தையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். எரிபொருளோடு நிற்காமல் பஸ்ஸின் அகத்துக்குள் நுழைந்து பார்த்த அந்த முறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். டில்லியிலும் வேண்டியது அந்த மாதிரி முயற்சியே.

குளிர்சாதன பஸ்ஸில் போனால் தப்பித்துக்கொள்ளலாமே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஜன்னல்கள் மூடியிருப்பதால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் வரும் அலைகளின் வீச்சு குறையும் என்பது வாஸ்தவம். ஆனால் குளிர்சாதன யந்திரத்தின் வாயில் இருப்பது பெரும்பாலும் தூசியையும் நூல் பிசிரையும் பிடிக்கிற கண்ணறை வலை மட்டுமே. இரண்டரை மைக்ரான் துகளுக்கு அது திறந்த வாசல். நான் ஏறிய ஒரு வண்டியில், தலைக்கு மேலே குளிர்காற்று வருகிற துவாரங்களைச் சுற்றிப் பூனை மயிர்போல ஒரு சாம்பல் விளிம்பு படிந்து, விரலால் தொட்டால் சுருள் சுருளாக உதிர்ந்தது. தவிர, உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றினால், நெரிசல் நேரத்தில் ஜனங்களின் மூச்சே உள்ளே தேங்கி, தலைவலியும் தூக்கமுமாகிறது; காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில், ஒருவர் விட்ட மூச்சை அறுபது பேர் பங்கிட்டுக்கொள்வது பாதுகாப்பும் அல்ல. ஆகையால் ஜன்னலை மூடுவது பாதி வேலை; வெளிக்காற்றை நல்ல வடிகட்டி வழியே உள்ளே கொண்டுவருவது மறுபாதி. அந்த வடிகட்டியை மாதாமாதம் பார்த்து மாற்றுவதும் வேலைதான். வடிகட்டி கனமாக இருந்தால் காற்றைத் தள்ளுகிற விசிறிக்கும் வலு வேண்டும் என்பதால், இதைப் பின்னால் ஒட்டவைக்க முடியாது. பஸ்ஸை வாங்கும்போதே நிபந்தனையில் எழுதவேண்டும்.

அதற்குச் சரியான தருணம் இதுதான். 2022-இலிருந்து டில்லிச் சாலைகளில் மின்சார பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன, சி.என்.ஜி. பஸ்கள் வயதாகி ஒவ்வொன்றாக விலகுகின்றன. மின்சார வண்டிக்குப் புகைக்குழாயே இல்லை, மசகெண்ணெய்ச் சாம்பல் இல்லை, வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே தடையாக வேலை செய்வதால் பிரேக்கின் தேய்மானத் தூளும் குறைவு. பின்வரிசையில் உட்கார்ந்தவரைத் தொந்தரவு செய்த சொந்தப் புகை முற்றிலும் ஒழிகிறது. இதை மனமார வரவேற்கிறேன். ஆனாலும் மின்கலத்தின் பாரத்தால் டயர் தேய்வதும், சாலைப் புழுதி கிளம்புவதும் இருக்கவே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்ரம் சந்திப்பில் பக்கத்தில் நிற்கிற லாரி மின்சார லாரி அல்லவே! முதலில் எரிவாயு வந்தபோது பஸ்ஸின் உட்காற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டதைப்போல, மின்சாரம் வந்துவிட்டது, இனி எல்லாம் சுத்தம் என்று இந்தத் தடவையும் விட்டுவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

பஸ்ஸில் போகிறவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 2019 அக்டோபர் இறுதியிலிருந்து டில்லி அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும், தையல் கூடங்களுக்குப் போகிறவர்களும், இடுப்பில் குழந்தையோடு எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் போகிற தாய்மார்களும் முன்னைவிடத் தைரியமாக ஏறுவதை நான் தினமும் பார்க்கிறேன். இவர்களில் எவரும் கார் ஓட்டி இந்த நகரத்தின் காற்றைக் கெடுத்தவர்கள் அல்ல. ஓர் உடலின் இடத்தை மட்டும் சாலையில் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, சாலையின் அழுக்கில் பெரும் பங்கு கிடைக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வடிகட்டிய காற்றில் தனியாகப் போகிறவருக்குக் குறைந்த பங்கு. காற்று மோசமாகும் நாட்களில் ஜனங்கள் சொந்த வாகனத்தை விட்டுப் பொதுப் போக்குவரத்தில் போகவேண்டும் என்று அரசு வேண்டுகோள் விடுக்கிறது. நல்ல வேண்டுகோள்தான்; அதை ஏற்று வருகிறவருக்கு நல்ல காற்றைத் தருவது, வேண்டுகோள் விடுத்தவரின் கடமை அல்லவா?

செய்யவேண்டியது மலையைப் புரட்டுகிற காரியமும் அல்ல. சில வழித்தடங்களிலாவது பஸ்ஸுக்குள், மூச்சு விடுகிற உயரத்தில், முறையான மானிகளைப் பொருத்தி வருஷம் முழுவதும் அளந்து, அந்த எண்களை நகரத்து நிலையங்களின் எண்களோடு சேர்த்து வெளியிடலாம். நிறுத்தங்களைச் சிக்னல் வரிசையின் வாயிலிருந்து சற்றுத் தள்ளி அமைக்கலாம். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-ல் திறந்த பஸ் தடத்தை, கார்க்காரர்களின் கோபத்துக்குப் பணிந்து 2016-ல் பிடுங்கி எறிந்தார்கள். தனித்தடத்தில் ஓடும் பஸ் லாரியின் வாலில் நிற்கவேண்டியதில்லை என்ற நன்மை, அன்று நடந்த வாக்குவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. அதை மறுபடி யோசிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டிரைவர்களிடமும் கண்டக்டர்களிடமும் தொடங்கவேண்டும். நாம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம். அவர்கள் எட்டு மணி நேரம் அங்கேயே இருக்கிறார்கள், வருஷக்கணக்காக. ஊதிப் பார்க்கிற சுவாசச் சோதனை எந்த அரசாங்க மருத்துவமனையிலும் சில நிமிஷங்களில் முடிகிற காரியம். வேலைக்குச் சேரும்போது ஒரு தடவையும், அதன்பின் வருஷம் ஒரு தடவையும் அதைச் செய்து, எந்த வழித்தடத்தில், எந்த எரிபொருள் வண்டியில், குளிர்சாதன வண்டியிலா மற்றதிலா வேலை செய்தார் என்ற விவரத்தோடு பதிந்து வைத்தால், ஐந்து வருஷத்தில் நம் கையில் இருக்கும் ஆதாரம், வேறெந்த நகரத்திடமும் எளிதில் கிடைக்காத ஆதாரமாக இருக்கும். பஸ் ஊழியர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் வேலை நிரந்தரத்துக்கும் பக்கத்தில் இந்தச் சோதனையையும் ஒரு வரியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வரைவு எழுதவும், மருத்துவர்களிடம் பேசவும் என்னால் ஆன உதவியைச் செய்யத் தயாராக இருக்கிறேன்.